ஓர் இடைக்காலக் கோட்டையின் 9 மீட்டர் மதில்: சுண்ணாம்புச் சாந்தும் புல்போர்வையும்

வடக்கு மதிலில் நாங்கள் எடுத்துச் செய்த 9 மீட்டர் துண்டு, உறைபனிக் குளிர்காலம் ஒன்றையும் அதன் பின் வந்த வறண்ட கோடையையும் தாண்டிவிட்டது. முகப்புக்கல் எதுவும் நகரவில்லை. இணைப்புகளில் சாந்து பொரிந்து உதிரவில்லை. மதில் தலையில் போட்ட புல், தெற்கு விளிம்பைத் தவிர மற்ற இடமெல்லாம் வேர் பிடித்து நிற்கிறது. சிதைந்த கல்மதிலைக் காக்க முனையும் மற்றக் குழுக்களுக்கு அளவுகளும் வேலை வரிசையும் எது எங்கே கெடும் என்பதும் பயன்படும் என்பதால் இந்தப் பதிவு.

கோட்டை இருப்பது வட இங்கிலாந்தில். 13ஆம் நூற்றாண்டில் மணற்கல்லால் கட்டியது. மதிலின் தடிமன் 1.8 மீட்டர், இப்போது நிற்கும் உயரம் 3 முதல் 4 மீட்டர். இரண்டு பக்கமும் செதுக்கிய முகப்புக்கல். நடுவில் உடைகல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி இறுக்கிய உட்கட்டு. அந்தக் காலத்தில் மதில் தலையில் நடைபாதையும் கைப்பிடிச்சுவரும் இருந்து மழையை வெளியே தள்ளின. அவை போனபின் மழைநீர் நேராக உட்கட்டுக்குள் இறங்குகிறது. இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. குளிரில் உறைந்து விரிந்து முகப்புக்கல்லை வெளியே தள்ளுகிறது. முகப்பு பிதுங்கிச் சரிந்தால் உட்கட்டு வெளியே தெரியும். அதன் பிறகு அழிவு வேகமெடுக்கும். ஆகவே இந்த மதிலில் செய்யும் எந்த வேலைக்கும் கேள்வி இரண்டுதான்: மேலிருந்து நுழையும் தண்ணீர் குறைகிறதா, நுழைந்த தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா.

பழைய உயரத்துக்குத் திரும்பக் கட்டுவது நோக்கம் அல்ல. வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது முன்வைத்த நிலைப்பாடு, புதுப்பிப்பதை விட்டுவிட்டுப் பழுது பார் என்பது. எங்கள் வேலையும் அந்த வழியில்தான். விழுந்த கல் எந்த இடத்தில் இருந்தது என்று சான்றோடு தெரிந்தால் மட்டும் திரும்ப வைப்போம். தெரியாவிட்டால் தரையில் அடுக்கி எண் போட்டு வைப்போம்.

அனுமதியும் நாட்காட்டியும்

இது பட்டியலிடப்பட்ட நினைவுச்சின்னம். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கல்லை எடுத்து வைக்கவும் முன்அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் விண்ணப்பம் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு வழியாகப் போகிறது. கட்டணம் இல்லை, ஆனால் ஆவணங்கள் கனமானவை: மதிலின் இப்போதைய நிலையைக் காட்டும் வரைபடம், ஒவ்வொரு கட்டத்தின் செய்முறை, சாந்தின் கலவை விகிதம், எதிர்பாராத தொல்பொருள் கிடைத்தால் என்ன செய்வோம் என்ற உறுதி. கலவை விகிதத்தை எழுத வேண்டுமென்றால் சோதனைப் பூச்சு முதலிலேயே செய்திருக்க வேண்டும். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு வருட வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வது நல்லது. இதே சட்டத்தின் கீழ், அனுமதி இல்லாமல் அந்த நிலத்தில் உலோகங்காணும் கருவியைப் பயன்படுத்துவதும் குற்றம். புதிதாகச் சேரும் தன்னார்வலர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாட்காட்டிதான் பெரிய சிக்கல். சுண்ணாம்புச் சாந்துக்கு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத வானிலை வேண்டும். இந்த ஊர்க் குளிருக்கு மே முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரைதான் நம்பலாம். ஆனால் கொடிகளை அறுக்க அந்த மாதங்கள் ஆகாது. மார்ச் முதல் ஆகஸ்டுவரை பறவைகள் கூடு கட்டும். பயன்பாட்டில் உள்ள கூட்டையும் வௌவால் தங்கும் இடத்தையும் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். புல் பதிக்க ஏற்ற மாதமோ அக்டோபர். ஆக வரிசை இப்படி அமைகிறது: முதல் வருட இலையுதிர்காலத்தில் கொடி அறுப்பு, குளிர்காலத்தில் ஆவணப்பதிவு, அடுத்த மே முதல் சாந்து வேலை, அக்டோபரில் புல். ஒரே வருடத்தில் முடிக்கலாம் என்று திட்டம் போட்டால் ஏதாவது ஒன்று தவறான பருவத்தில் விழும். இடைக்காலக் கொத்தர்களும் இதே நாட்காட்டியில்தான் இயங்கினார்கள்: குளிர் வந்ததும் கட்டுவேலையை நிறுத்தி, முடியாத மதில் தலைகளை வைக்கோலாலும் சாணத்தாலும் மூடி வைப்பார்கள்.

ஐவிக் கொடி

ஐவியைப் பிடுங்கக்கூடாது. மதிலின் உட்கட்டுக்குள் மணிக்கட்டுத் தடிமனில் வேர் ஓடியிருந்தால், சாந்து கரைந்துபோன இடத்தில் கற்களைக் கட்டிப்பிடித்திருப்பது அந்த வேர்தான். உயிரோடு இழுத்தால் கல்லும் கூடவே வரும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தண்டில் 30 செ.மீ. நீளத் துண்டை அறுத்து எடுத்துவிட்டு, மேலே இருப்பதைக் காயவிட வேண்டும். இலை உதிர்ந்ததும் மெல்லிய கிளைகளை வெட்டுகத்தரியால் நறுக்கலாம். கல்லோடு ஒட்டிய தடித்த தண்டுகளை, அந்த இடத்தில் கட்டு வேலை தொடங்கும் நாள்வரை தொடவே கூடாது. வேலை தொடங்கும்போது கல்லைக் கழற்றி, வேரைச் சிறு ரம்பத்தால் அறுத்து, பின் கல்லை வைக்க வேண்டும்.

இலை உதிர்ந்தபின்தான் மதில் எப்படி இருக்கிறது என்பது தெரியவரும். எங்கள் துண்டில் வெளிப்பக்கம் 2 மீட்டர் அகலத்துக்கு முகப்பு பிதுங்கியிருந்தது. அதைச் சுத்தியல் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தால் பொள்ளல் ஓசை வரும்: முகப்பு உட்கட்டைவிட்டு விலகிவிட்டது என்று பொருள். இப்படித் தட்டி, பொள்ளலான பரப்பை எல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டோம்.

பதிவு செய்தல்

ஒரு கல்லைத் தொடுவதற்கு முன் இரண்டு பக்கமும் புகைப்படத் தொடர் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்தோம். மேகமூட்டமான நாள் வேண்டும். வெயிலில் நிழல் விழுந்தால் இணைப்புக்கோடுகள் மறைந்துவிடும். அடுத்தடுத்த படங்கள் குறைந்தது 70 சதவீதமாவது ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். அளவுக்கோல் படத்தில் தெரிய வேண்டும். மாதிரி எவ்வளவு துல்லியமாக வந்தாலும் கையால் வரைந்த 1:20 வரைபடத்தை விடக்கூடாது என்பது எங்கள் முடிவான கருத்து. 1 மீட்டர் மரச்சட்டத்தில் 20 செ.மீ. இடைவெளியில் நூல் கட்டி, மதிலில் சாய்த்து வைத்துக் கட்டம் கட்டமாக வரையும்போதுதான் கண் ஒவ்வொரு கல்லிலும் நிற்கிறது. கொத்தர்கள் தங்கள் கல்லில் வெட்டிவைத்த அடையாளங்கள் மூன்றும், கதவுத் தாழ்மரம் நுழைந்த துளை ஒன்றும் அப்படித்தான் கிடைத்தன. கொத்தர் அடையாளத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சம் தேவை: மாலையில் கைவிளக்கைக் கல்லை ஒட்டிப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும்.

கழற்ற வேண்டிய கற்களில் எண் எழுதச் சாயம் பயன்படுத்தவில்லை. மணற்கல் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், பின்னால் போகவே போகாது. தகட்டுத் துண்டில் எண் பொறித்துக் கம்பியால் கல்லைச் சுற்றிக் கட்டினோம். மேல்பக்கம் எது என்பதற்கு மட்டும் சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி. மணற்கல்லில் இது முக்கியம்: படிவு அடுக்குகள் கிடைமட்டமாக இருக்கும்படிதான் கல் உட்கார வேண்டும். செங்குத்தாக வைத்துவிட்டால் சில குளிர்காலங்களில் ஏடு ஏடாக உரியத் தொடங்கும்.

சாந்து

பழஞ்சின்னங்களுக்கான 1913ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் இங்கிலாந்தின் பல சிதைவிடங்கள் அரசுப் பராமரிப்புக்கு வந்தன. அன்று பழுது பார்த்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் போர்ட்லண்ட் சிமெண்டைப் பயன்படுத்தினார்கள். யார்க்‌ஷயரில் சிதைந்து நிற்கும் ரீவோ மடத்தில் சுவருக்குள்ளேயே வலுவூட்டிய கான்கிரீட் உத்தரங்களை மறைத்துவைத்து நிறுத்தினார்கள். சில இடங்களில் அந்த வேலைதான் சுவரை இன்றுவரை தாங்கியிருக்கிறது. ஆனால் இணைப்புகளில் பூசிய சிமெண்ட் மணற்கல்லைவிடக் கடினமானது, தண்ணீரை வெளியே விடாதது. ஈரம் இணைப்பு வழியே போக முடியாமல் கல் வழியே போகிறது. உப்பும் அங்கேயே படிகமாகிறது. கல்லின் முகம் தூளாகிறது. எங்கள் மதிலின் உட்பக்கத்தில் சிமெண்ட் இணைப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, சுற்றியிருந்த கல் 3 செ.மீ. உள்ளே தேய்ந்திருந்தது.

சிமெண்டை எடுக்க வெட்டுச்சக்கர இயந்திரம் கூடாது. கை ஒரு நொடி நழுவினாலும் கல்லின் விளிம்பில் வெட்டு விழும், அதைத் திருத்த முடியாது. இணைப்பின் நடுவில் 6 மி.மீ. துளைகளை வரிசையாக இட்டு, மெல்லிய இணைப்பு உளியால் நடுவிலிருந்து இரு பக்கமும் உடைத்து எடுப்பது மெதுவானது, ஆனால் பத்திரமானது. ஆழம் இணைப்பின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு, எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையாமல். சிமெண்ட் கல்லோடு இறுகப் பிடித்திருந்து, எடுத்தால் கல் உடையும் என்றால், அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

பழைய சாந்தின் மாதிரியை உட்கட்டின் ஆழத்திலிருந்து எடுத்தோம். கையால் நொறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, மிஞ்சிய மணலைக் கழுவிக் காயவைத்து, 4 மி.மீ. முதல் 0.063 மி.மீ. வரையான சல்லடை அடுக்கில் சலித்தோம். மணலில் சுண்ணாம்புக்கல்லோ சிப்பியோ கலந்திருந்தால் இந்த முறை பொய் சொல்லும், அவையும் கரைந்துவிடும். இங்கே மணல் முழுக்கச் சிலிக்கா என்பதால் முடிவு நம்பகமானது. அமிலத்தில் போடுவதற்கு முன் உடைந்த முகத்தை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் பட்டாணி அளவில் நிறைய இருந்தன. சுட்ட சுண்ணாம்பையும் ஈர மணலையும் ஒன்றாகப் போட்டுச் சூடாகக் கலந்ததன் அடையாளம் அது. காளவாய்க் கரித்துண்டுகளும் கிடைத்தன. அவற்றைத் தனியே உறையில் இட்டு வைத்திருக்கிறோம்; கரிமக் காலக்கணிப்புக்கு உதவும்.

சூடாகக் கலப்பதே பழைய முறை, தரமான சாந்தும் தரும். ஆனால் கலவை நீரின் கொதிநிலையைத் தொடும், சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பயிற்சி ஏதும் இல்லாமல் வரும் தன்னார்வலர்கள் உள்ள களத்தில் அதை நாங்கள் செய்வதில்லை. தண்ணீரோடு சேர்ந்ததும் இறுகத் தொடங்கும் இயற்கை நீரிறுகு சுண்ணாம்பில் (சுருக்கமாக என்எச்எல்) 3.5 வகையை எடுத்தோம். 3.5 என்பது 28 நாளில் அது எட்ட வேண்டிய குறைந்தபட்ச அமுக்க வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில். 5 வகை இந்த மணற்கல்லுக்கு அதிகம். 2 வகை மதில் தலையின் மழைக்கும் பனிக்கும் போதாது.

விகிதத்தை மணல்தான் முடிவு செய்ய வேண்டும். 1 லிட்டர் அளவுப்பாத்திரத்தில் காய்ந்த மணலை நிரப்பி, அளந்த தண்ணீரை மேல்மட்டம் தொடும்வரை ஊற்றிப் பார்க்கலாம். எங்கள் மணலுக்கு 380 மி.லி. பிடித்தது. மணல் மணிகளுக்கிடையே அவ்வளவு வெற்றிடம் இருக்கிறது, அதைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். எனவே 1 பங்கு சுண்ணாம்புக்கு 2.5 பங்கு மணல். மணல் 0 முதல் 4 மி.மீ. வரை எல்லா அளவும் கலந்த, கூர்முனை உள்ள மணல். அகலமான இணைப்புகளுக்கு 6 மி.மீ. பொடிக்கல் கொஞ்சம். பூச்சு வேலைக்கு விற்கும் மென்மணலையும் மறைவான ஒரு மூலையில் பூசி ஒரு குளிர்காலம் விட்டுப் பார்த்தோம். மணிகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் அது சுருங்கி, கல்லோரம் முழுக்க மயிரிழை வெடிப்பு விட்டது. அந்த வெடிப்பில் தண்ணீர் புகுந்து, பிப்ரவரியில் தகடாகக் கழன்று வந்தது.

கலக்கும்போது உருளை இயந்திரத்தில் முதலில் மணலையும் சுண்ணாம்பையும் உலர்வாகச் சில நிமிடம் ஓட்டி, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் 20 நிமிடம் ஓட வேண்டும். 10 நிமிடத்தில் கலவை இறுக்கமாகத் தோன்றும். அங்கே தண்ணீரைச் சேர்க்கக் கை துடிக்கும். சேர்க்காமல் ஓட்டினால் தானாக இளகி வரும். சேர்த்துவிட்டால் காய்ந்தபின் சுருக்கமாகத் திரும்பி வரும். அளப்பது வாளியால், மட்டம் வழித்து. மண்வெட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

கழற்றி வைத்தல்

சாரம் மதிலில் எங்கும் துளையிட்டுப் பிடிக்கவில்லை. இரண்டு வரிசைக் கால்களோடு தனியாக நின்று, எடைக்கட்டிகளால் நிலைநிறுத்தப்பட்ட சாரம். இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய செலவு அதுதான்.

பிதுங்கிய பகுதியை மேலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றி, சாரத்தட்டில் அதே வரிசையில் அடுக்கினோம். முழுப் பிதுக்கத்தையும் ஒரே வீச்சில் திறக்கவில்லை. ஒரு மீட்டர் அகலம் கழற்றி, உட்கட்டைச் சரிசெய்து, கல்லைத் திரும்ப வைத்தபின்தான் அடுத்த மீட்டர். திறந்த உட்கட்டில் தளர்ந்த மண்ணையும் வேர்த்தூளையும் துடைத்து, மேலிருந்து கீழாகத் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். முந்தைய நாளே நனைத்து, வேலைக்கு ஒரு மணி நேரம் முன் மீண்டும் நனைப்போம். மேற்பரப்பில் தண்ணீர் பளபளத்தால் அது வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

உட்கட்டின் ஆழமான பொந்துகளை ஒரே தடவையில் சாந்தால் நிரப்பினால் நடுவில் இறுகாது. 50 மி.மீ. அடுக்காக இட்டு, இடையிடையே அதே மதிலின் உடைகல்லைச் செருகி, மரக்கட்டையால் இடித்து, ஓரளவு இறுகியபின் அடுத்த அடுக்கு. கை எட்டாத விரிசலில் சுண்ணாம்புக் கரைசலைப் புனல் வழியே ஊற்றினோம்: கீழ்த்துளையில் தொடங்கி மேலே ஏறி, கசியும் இணைப்புகளைக் களிமண்ணால் அடைத்துக்கொண்டு. ஒரு நாளில் அரை மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. இறுகாத கரைசலின் அழுத்தமே முகப்பைத் தள்ளிவிடப் போதும்.

முகப்புக்கல்லைத் தூக்குக்குண்டு பார்த்து நேர்க்கோட்டில் வைக்கும் ஆசையை அடக்க வேண்டியிருந்தது. மதிலின் மற்றப் பகுதி 700 ஆண்டுகளில் தன் சாய்வைத் தேடிக்கொண்டுவிட்டது. பக்கத்துக் கட்டின் தளத்தோடு நூல் பிடித்துத்தான் வைத்தோம். ஒவ்வொரு மூன்றாவது வரிசையிலும், உள்ளே நீண்டு செல்லும் கல் ஒன்றையாவது உட்கட்டுக்குள் கடிக்க வைத்தோம். அந்தக் கற்கள் பழைய கட்டில் இங்கே குறைவாக இருந்ததும் பிதுக்கத்துக்கு ஒரு காரணம்.

அகலமான இணைப்பைச் சாந்தால் மட்டும் நிரப்பாமல் கல்சில்லு செருக வேண்டும். பழைய கட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. சாந்தின் அளவு குறையும், சுருக்கம் குறையும், கல் அசையாது. இணைப்பைச் சிறு கரணையால் பின்னால்வரை அழுத்தி நிரப்பி, கல் முகத்தைவிடச் சற்று உள்வாங்கியே நிறுத்தினோம். கரணையால் வழித்து வழவழப்பாக்கினால் சுண்ணாம்பு மட்டும் மேலே படர்ந்து ஒரு தோலாகிவிடும், உள்ளே காற்று போகாது. நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில், பெரும்பாலும் மறுநாள், விறைப்பான தூரிகையின் நுனியால் தட்டித் தட்டி மணலை வெளிக்கொணர வேண்டும். தேய்க்கக்கூடாது. இந்தப் பதத்தைப் பிடிப்பதுதான் புதியவர்கள் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்கும் பகுதி.

மதிலில் சதுரத் துளைகள் வரிசையாக வந்தால் அவற்றை அடைத்துவிடாதீர்கள். கட்டியபோது சாரக்கழிகள் நுழைந்த துளைகள் அவை. ஒரு பருவத்தில் மதில் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அவையே சான்று, வௌவாலுக்கும் வீடு. வௌவால் ஆய்வுக்கு உரிமம் பெற்றவர் உள்நோக்குக் கருவியால் பார்த்துச் சொல்லும்வரை அவற்றை ஒட்டிய இணைப்புகளைத் தொடவில்லை.

பூசியதும் ஈரச் சணல் சாக்கைத் தொங்கவிட்டோம். கல்லோடு ஒட்டாமல் ஒரு கை இடைவெளி. முதல் வாரம் பகலில் மூன்று நான்கு முறை நீர்த்தூவல். காற்றுள்ள நாள் வெயிலைவிட மோசம்: சாக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். செப்டம்பர் நடுவில் சாந்து வேலையை நிறுத்திவிட்டு, குளிர் முழுவதும் சாக்கின் மேல் பாலித்தீன் போர்த்தி, அடியில் காற்றோட்டம் விட்டு வைத்தோம். கூடவே பூசிய சோதனைத் துண்டை வசந்தத்தில் உடைத்து, காரத்தில் இளஞ்சிவப்பாக மாறும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், இறுகிய வெளிப்பகுதி நிறமற்று நிற்கும், உள்ளே இளஞ்சிவப்பு. சுண்ணாம்பு இன்னும் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இளஞ்சிவப்பு மேற்பரப்புவரை வந்தால் பாலித்தீனை அகற்றும் நேரம் இன்னும் வரவில்லை.

மதில் தலை

இந்தப் பகுதிக்காகத்தான் மற்ற எல்லாமே. கற்களைச் சாந்தில் பதித்துக் கடினமான தொப்பி போடுவது பழைய வழக்கம். அது வெயிலிலும் பனியிலும் வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீர் மேலே திரும்ப முடியாது. மரபுச்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பும் ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வுகள், மண்ணும் புல்லும் போர்த்திய மதில் தலையில் வெப்ப ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைவதைக் காட்டின. உறைதலும் உருகுதலும் கல்லை எட்டுவதில்லை. மழையின் பெரும்பகுதியைப் புல்லே வாங்கி ஆவியாக்கிவிடுகிறது.

முதலில் உடைந்த தலையின் உருவம் மாறாமல், தளர்ந்த கற்களை மட்டும் எடுத்துச் சாந்தில் பதித்தோம். குழிகளில் நீர் தேங்காமல் இரு பக்கமும் வழியும்படி சரிவு. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, தேங்கிய இடங்களை மறுபடி நிரப்பினோம். சாந்து சில வாரம் இறுகியபின் 100 மி.மீ. தடிமனுக்குக் களி கலந்த மண். பிசைந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். தோட்டத்துக்கான கரிம உரமண் வேண்டாம், வெயிலில் சுருங்கிவிடும்.

அதன் மேல், வேரும் மண்ணுமாக வெட்டிய புல்பத்தை இரண்டு அடுக்கு. கீழடுக்கு புல் கீழே பார்க்கக் கவிழ்த்து, மேலடுக்கு நிமிர்த்து. இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல். விளிம்பில் 5 முதல் 7 செ.மீ. வெளியே நீட்டித் தொங்கவிட்டால் மழை மதில் முகத்தில் வழியாமல் சொட்டும். மர முளைகளை இறக்கிப் பிடித்தோம். முளை மண்ணோடு நிற்க வேண்டும், கட்டுக்குள் போகக்கூடாது. பத்தைகளைப் பக்கத்து மேய்ச்சல் நிலத்திலிருந்து 40 மி.மீ. தடிமனில் வெட்டினோம். கோட்டை வளாகத்துக்குள் வெட்டவே கூடாது; அடியில் தொல்லியல் அடுக்கு இருக்கிறது. கடையில் சுருளாகக் கிடைக்கும் புல்வெளி மெல்லியது, உரத்துக்குப் பழகியது, முதல் வறட்சியில் போய்விடும்.

எடையை முன்பே கணக்கிட வேண்டும். நனைந்த மண்ணும் புல்லும் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. 16 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 டன். 1.8 மீட்டர் மதிலுக்கு இது சுமை அல்ல. சாரத்தட்டில் ஒரே இடத்தில் குவித்தால் சாரத்துக்குச் சுமை.

தெற்கு விளிம்பு கோடையில் காய்ந்து 10 செ.மீ. பின்வாங்கியது. முற்றத்தைப் பார்த்த பக்கம். கல் வெயிலை வாங்கி இரவு முழுக்கச் சூடு விடுகிறது. தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைக்கலாம், ஆனால் ஆளில்லாத மதிலில் ஒவ்வொரு கோடையும் அது நடக்காது. அந்த விளிம்பில் புல்லுக்குப் பதில் சீடம் வகைச் சதையிலைச் செடிகளை நட்டிருக்கிறோம். மெல்லிய மண்ணிலும் நிற்கும்.

விழுந்த கல்லும் பழைய தாளும்

மதிலின் அடியில் முகப்புக்கல் ஆள் உயரம்வரை காணோம். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே 1640களில் நடந்த உள்நாட்டுப் போருக்குப்பின் இடித்தது என்பது ஊர் நம்பிக்கை. 1646ல் கார்ஃப் கோட்டை பிடிபட்டபின் நாடாளுமன்ற ஆணைப்படி தகர்க்கப்பட்டதுபோல இங்கும் நடந்திருக்கலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தகர்த்த மதில் வேறு மாதிரி இருக்கும்: அடியில் தோண்டியோ வெடிமருந்து வைத்தோ சாய்த்தால் மதில் பாளம் பாளமாகக் கவிழும், உட்கட்டும் சேர்ந்து பிளக்கும். இங்கே உட்கட்டு கலையாமல் நிற்க, முகப்பு மட்டும், அதுவும் கை எட்டும் உயரம்வரை மட்டும் உரிக்கப்பட்டிருக்கிறது. இது கட்டடக் கல்லுக்காக எடுத்த வேலை. அதே அளவுச் செதுக்குக் கற்கள் சுற்றுப்புறப் பண்ணைக் கட்டடங்களில் இருப்பதை உரிமையாளர் அனுமதியோடு அளந்து பதிவு செய்துவருகிறோம்.

காகிதச் சான்றுக்கு மூன்று வகை ஆவணங்கள் பயன்பட்டன. அரச கருவூலத்தின் பைப் ரோல் கணக்குகள்: 1130ஆம் ஆண்டுக்கு உரியது மிகப் பழையது, 1156 முதல் ஏறத்தாழத் தொடர்ச்சியாக உண்டு. அரசர் செலவில் பழுது பார்த்த கோட்டை என்றால் அதில் வரி இருக்கும். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரைந்த தசமபாக வரி (விளைச்சலில் பத்திலொரு பங்காகத் திருச்சபைக்குச் செலுத்தியது) வரைபடங்கள் வயல்களின் எல்லையைத் தருகின்றன. சாமுவேல், நத்தானியேல் பக் சகோதரர்கள் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளியிட்ட சிதைவிடச் செதுக்கோவியங்கள் மதில் அன்று எவ்வளவு நின்றது என்று காட்டுகின்றன. அவற்றில் உயரத்தை அப்படியே நம்பக்கூடாது. சன்னல்களின் எண்ணிக்கையையும் உடைப்புகளின் இடத்தையும் நம்பலாம். இன்றைய படத்தோடு அவற்றை ஒட்டிப் பார்த்து, பிறகுதான் விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.

பொருளும் செலவும்

சாந்து மொத்தம் ஏறக்குறைய 2 கன மீட்டர்: மதில் தலைக்கும் உட்கட்டுக்கும் 1.6, இணைப்புகளுக்கு 0.4. அதற்கு 3 டன் மணல், 25 கிலோ மூட்டையில் சுண்ணாம்பு 24, சிந்தல் உட்பட. மூட்டை 15 முதல் 20 பவுண்டுவரை. சுண்ணாம்பு வாங்கும்போது மூட்டையின் தேதியைப் பார்க்க வேண்டும். ஈரம் வாங்கிய பழைய மூட்டை இறுகாது. மணல், சணல், புல் எல்லாம் சேர்த்தாலும் சாரத்தின் வாடகைக்குப் பக்கத்தில் வராது. அனுபவமுள்ள பாதுகாப்புக் கொத்தர் ஒருவரின் கூலியையும் குறைக்க இடமில்லை: அவர் சாரத்தில் நிற்காத நாட்களில் நாங்கள் கல் கழற்றுவதில்லை, பதிவும் கழுவலும் மட்டும்.

அடுத்த வேலை கிழக்கு மதிலில். அங்கே சாரத்தை நிறுத்தும் முன்பே எல்லாச் சாந்துச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். வாடகை ஓடும்போது பூச்சு இறுகக் காத்திருப்பது வீண் செலவு. வெயில் பக்க விளிம்பில் முதலிலிருந்தே சீடம், அடியில் மண் 150 மி.மீ. கலக்க உருளை இயந்திரத்துக்குப் பதில் தட்டு வடிவ அரைவை இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கப் போகிறோம்: தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், கட்டி கட்டாது. விரிசல் அளவிகளை இரண்டு குளிர்காலம் முன்பே பொருத்தியாயிற்று. ஓர் இடத்தில் மட்டும் முள் நகர்ந்திருக்கிறது, வடகிழக்கு மூலைக்கு 2 மீட்டர் தள்ளி. வேலை அங்கிருந்து தொடங்கும்.